மக்காச்சோளத்தில் படைப்புழு: ஆபத்து குறைந்த மருந்துகளோடு ஒரு பட்டம் முழுவதும் சமாளிப்பது எப்படி?

சென்னையில் வேலை, உத்திரமேரூரிலோ மதுராந்தகத்திலோ ஊத்துக்கோட்டையிலோ இரண்டு ஏக்கர் நிலம் என்று இருப்பவர்கள் இன்று நிறையப் பேர். நெல்லுக்குத் தண்ணீர் போதாது, நிலக்கடலை பிடுங்க ஆள் கிடைப்பதில்லை, சரி, மக்காச்சோளம் போட்டுப் பார்ப்போம் என்று இறங்குகிறார்கள். மாட்டுத் தீவனத்துக்கு ஆப்பிரிக்க நெட்டை, கோயம்பேட்டுக்கு ஸ்வீட் கார்ன், கோழித் தீவனத்துக்கு வீரிய ஒட்டு என்று எதைப் போட்டாலும், விதைத்து மூன்று வாரம் ஆவதற்குள் நிலத்தைப் பார்த்துக்கொள்பவரிடமிருந்து ஒரு போன் வரும். "சார், குருத்துல புழு விழுந்துடுச்சு. கடையில கேட்டேன், ஸ்ட்ராங்கா ஒண்ணு கொடுத்திருக்காங்க. அடிச்சுடட்டுமா?"

அந்தப் போன் வருவதற்கு முன்னால் செய்ய வேண்டியவைதான் இங்கே அதிகம். காரணம் இருக்கிறது. மனிதருக்கு ஆபத்து குறைந்த மருந்துகளில் பெரும்பாலானவை சின்னப் புழுவைத்தான் ஒழுங்காகக் கொல்லும். விரல் நீளத்துக்கு வளர்ந்து, தன் எச்சத்தாலேயே குருத்தை அடைத்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருக்கும் புழுவிடம் எந்த மருந்தும் சரியாகப் போய்ச் சேராது. தாமதமாகப் பார்ப்பவர்தான் கடைசியில் கடுமையான விஷத்துக்குப் போகிறார். ஆகவே வாரத்துக்கு இரண்டு முறை வயலைப் பார்க்க ஆள் ஏற்பாடு செய்ய முடியுமா என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். எந்த மருந்து என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

புழுவை அடையாளம் காணுங்கள்

மக்காச்சோளத்துக்குப் பூச்சிகள் பல உண்டு என்றாலும் இன்று முக்கியமானது அமெரிக்கன் படைப்புழு. 2018 மே மாதம் கர்நாடகத்தின் சிவமொக்கா பகுதியில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டு, அந்த ஆண்டே தமிழ்நாட்டுக்கும் வந்துவிட்டது. இதன் தாய் அந்துப்பூச்சி ஒரே இரவில் நூறு கிலோமீட்டர் வரை பறக்கக்கூடியது. எனவே பக்கத்து வயலில் மக்காச்சோளம் இல்லை, நமக்கு வராது என்று நினைக்க வேண்டாம்.

இலை மேல் நூறு, இருநூறு முட்டைகளைக் குவியலாக இட்டு, பழுப்பு நிற ரோமத்தால் மூடி வைக்கும். இரண்டு மூன்று நாளில் குஞ்சுப் புழுக்கள் வெளிவந்து இலையின் பச்சையத்தை மட்டும் சுரண்டும். அப்போது இலையில் கண்ணாடித்தாள் ஒட்டியதுபோல் வெள்ளையாக, ஒளி ஊடுருவும் திட்டுகள் தெரியும். நீங்கள் பிடிக்க வேண்டிய நேரம் அதுதான். பிறகு புழு குருத்துக்குள் இறங்கும். விரியும் இலையில் வரிசையாக ஓட்டைகள், குருத்தில் ஈர மரத்தூள் மாதிரி எச்சம். வளர்ந்த புழுவின் தலையில் தலைகீழான ஆங்கில 'ஒய்' எழுத்து வடிவில் வெளிர்கோடு இருக்கும். உடலின் பின்கோடிக்கு அருகே நான்கு கரும்புள்ளிகள் சதுரமாக அமைந்திருக்கும். இரண்டும் இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

இதன் வளர்ச்சிக் கணக்கையும் தெரிந்துகொள்ளுங்கள். புழுப்பருவம் நம் வெப்பத்தில் சுமார் இரண்டு வாரம். அதற்குள் ஆறு கட்டங்கள். மூன்றாம் கட்டம் வரை நீளம் ஒரு சென்டிமீட்டரை எட்டாது. முட்டை பொரிந்து ஏறக்குறைய ஒரு வாரத்தில் அந்தக் கட்டம் தாண்டிவிடும். அது தின்னும் மொத்த இலையில் பெரும்பகுதியைக் கடைசி இரண்டு கட்டங்களில்தான் தின்கிறது. ஆக, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வயலுக்குப் போகிறவர், போன ஞாயிறு பொரியும் தறுவாயில் முட்டையாக இருந்ததை இந்த ஞாயிறு கிட்டத்தட்ட பெரிய புழுவாகப் பார்ப்பார். நடுவில் ஒரு புதன்கிழமைப் பார்வை இல்லாவிட்டால் இந்த வழிகாட்டியில் பாதி உங்களுக்குப் பயன்படாது.

ஆபத்து குறைவு என்றால் யாருக்கு?

இதைத் தெளிவாக்கிக்கொள்ளாமல் கடைக்குப் போக வேண்டாம். இந்தியாவில் விற்கும் ஒவ்வொரு பூச்சிமருந்து டப்பாவிலும் சாய்சதுரக் கட்டத்துக்குள் ஒரு வண்ண முக்கோணம் இருக்கும். சிவப்பு என்றால் மிகக் கொடிய விஷம்; அடுத்தது மஞ்சள், அப்புறம் நீலம், கடைசியில் பச்சை. இந்த வண்ணம் சொல்வது ஒன்றே ஒன்றைத்தான்: வாய் வழியாகவோ தோல் வழியாகவோ உள்ளே போனால் உடனடியாக எவ்வளவு விஷம் என்பதை. தேனீக்கு என்ன ஆகும், ஏரி மீனுக்கு என்ன ஆகும், வயலில் நமக்காக வேலை செய்யும் குளவிக்கு என்ன ஆகும் என்பதை அந்த முக்கோணம் சொல்லாது.

2017இல் மகாராஷ்டிரத்தின் யவத்மாள் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்த இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தெளிப்பவரின் உயிர் என்ற வகையில் முக்கோணத்தின் நிறமே முதல் வடிகட்டி; அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. அதைத் தாண்டிய பிறகு, உங்கள் வயல் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து மற்றதைப் பாருங்கள். மக்காச்சோளத்தில் நடைமுறையில் கைக்கு வரும் மருந்துகள் இவை:

அசாடிராக்டின், அதாவது வேம்பு. மனிதருக்கும் மாட்டுக்கும் கவலை குறைவு. புழுவின் பசியைக் கெடுக்கும், தோலுரிக்க விடாது. அடித்த மறுநாள் புழு செத்துக் கிடக்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். வெயிலில் சீக்கிரம் சிதையும்.

பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ், கடையில் 'பிடி' என்றால் கொடுப்பார்கள். பாக்டீரியா. புழு தின்றால்தான் வேலை செய்யும், அதுவும் குட்டிப் புழுவில். மற்ற பச்சைப் புழுக்களில் காட்டும் திறமையைப் படைப்புழுவிடம் காட்டாது. நான் இதை முதல் தேர்வாகச் சொல்ல மாட்டேன்.

மெட்டாரைசியம் என்ற பூஞ்சை. காற்றில் ஈரம் இருந்தால் நன்றாகப் பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் சென்னையைச் சுற்றியுள்ள வயல்களுக்குப் பொருத்தம். பங்குனி, சித்திரை வெயிலில் காசு வீண். நோய் பிடித்த புழு வெள்ளையாகி, பின் பச்சைப் பொடி பூத்து இலையிலேயே ஒட்டிக் கிடக்கும். யாரும் அடிக்காமலே சில வயல்களில் இப்படிப் புழுக்கள் கிடப்பதைப் பார்க்கலாம். அப்படிப் பார்த்தால் கொஞ்சம் பொறுங்கள், அந்தப் பூஞ்சை உங்கள் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

குளோராண்ட்ரனிலிப்ரோல். பச்சை முக்கோணம். சில மணி நேரத்தில் புழு தின்பதை நிறுத்தும், இரண்டு மூன்று நாளில் சாகும். மனிதருக்கும் தேனீக்கும் மற்ற பலவற்றைவிடப் பாதுகாப்பு. ஆனால் தண்ணீரில் வாழும் சிறு பூச்சிகளுக்கும் இறால் வகைகளுக்கும் கடும் விஷம். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகளுக்கு வடிகால் போகும் பகுதியில் நிலம் இருப்பவர்கள் இதை மறக்க வேண்டாம்.

ஸ்பினிடோரம். மண் பாக்டீரியாவிலிருந்து வந்த குடும்பம். வேகமாகக் கொல்லும். தெளித்த ஈரம் காயும்வரை தேனீக்கு ஆகாது. பூச்சியின் முட்டைக்குள் தன் முட்டையை இட்டு அதை அழிக்கும் ஒட்டுண்ணிக் குளவிகளையும் பாதிக்கும்.

எமாமெக்டின் பென்சோயேட். இதுவும் நுண்ணுயிர் வழி வந்ததுதான், அதனால் 'இயற்கை மருந்து' என்று சொல்லி விற்பவர்கள் இருக்கிறார்கள். நம்ப வேண்டாம். மிகக் குறைந்த அளவில் வேலை செய்கிறது என்பது உண்மை. மீனுக்கும் தேனீக்கும் கொடியது என்பதும் உண்மை.

நோவலூரான். புழு தோலுரிக்கும்போது கொல்லும், அதனால் பலன் தெரிய நான்கைந்து நாள் ஆகும். இறால், நண்டு இனங்களுக்கு மிகக் கெடுதல். பொன்னேரி, பழவேற்காடு பக்கம் இறால் பண்ணைக்கு அருகில் வயல் என்றால் இதைத் தொடவே தொடாதீர்கள்.

இந்தப் பட்டியலில் நான் வேண்டுமென்றே விட்டவை உண்டு. மோனோகுரோட்டோபாஸ் வேண்டாம். குருத்தில் கார்போபியூரான் குருணை போடும் பழைய பழக்கமும் வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் கடும் ஆபத்தானவை என்று ஒதுக்கிய வகுப்பில் அது இருக்கிறது. தவிடு, வெல்லம் கலந்து தயோடிகார்ப் சேர்த்துக் குருத்தில் வைக்கும் நச்சுத் தீனியும் சில பரிந்துரைகளில் வருகிறது. செடி செடியாகக் கையால் வைக்க வேண்டிய வேலைக்கு அப்படி ஒரு விஷத்தைப் பயன்படுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை. லாம்டா சைஹாலோத்ரின் போன்ற பைரித்ராய்டுகள் புழுவைவிட வேகமாகப் பொறிவண்டையும் குளவியையும் காலி செய்துவிடும்.

விதைப்பதற்கு முன்பு

கோடை உழவு போடுங்கள். படைப்புழு மண்ணுக்குள் சில சென்டிமீட்டர் ஆழத்தில் கூட்டுப்புழுவாகிறது. உழவு அதை வெயிலுக்கும் கொக்கு, மைனாவுக்கும் திறந்துவிடும். கடைசி உழவில் ஏக்கருக்கு நூறு கிலோ வேப்பம்பிண்ணாக்கு.

பட்டம், அதாவது விதைக்கும் பருவம், முக்கியம். ஊர் முழுக்க ஒரே பத்து நாளுக்குள் விதைத்தால் புழு பரவிப் போகும். நீங்கள் மட்டும் ஒரு மாதம் பிந்தி விதைத்தால், பக்கத்து வயல்களில் பெருகிய அந்துப்பூச்சிகள் அனைத்துக்கும் உங்கள் இளங்குருத்துதான் விருந்து. புரட்டாசிப் பட்டத்துக்கு இன்னொரு வசதியும் உண்டு. ஐப்பசி அடைமழை குருத்தில் நிரம்பும்போது குட்டிப் புழுக்கள் நிறைய மூழ்கிச் சாகும்.

இறவையில், அதாவது தண்ணீர் பாய்ச்சும் நிலத்தில், வரிசைக்கு வரிசை 60, செடிக்குச் செடி 25 சென்டிமீட்டர். பத்து வரிசைக்கு ஒருமுறை 75 சென்டிமீட்டர் இடைவெளி விடச் சொல்கிறது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். நிலத்தை வீணாக்குவதாகப் பலருக்கு வருத்தம். பயிர் ஆள் உயரம் வந்த பிறகு, இலை முகத்தில் உரசாமல் உள்ளே போய்ப் பார்க்கவும் தெளிக்கவும் அந்த வழி ஒன்றுதான் இருக்கும். விட்டுத்தான் ஆக வேண்டும்.

ஊடுபயிராக உளுந்து அல்லது பாசிப்பயறு. வரப்போரம் தட்டைப்பயறு, எள், சூரியகாந்தி. பூக்கும் இவற்றைத் தேடித்தான் ஒட்டுண்ணிக் குளவிகளும் பொறிவண்டுகளும் வரும். இடம் இருந்தால் ஓரத்தில் மூன்று நான்கு வரிசை நேப்பியர் புல் வைக்கலாம். பூச்சி அதில் வந்து முட்டையிடும், மாட்டுக்கும் ஆச்சு.

விதை நேர்த்திக்கு சயாண்ட்ரனிலிப்ரோலும் தயமீத்தாக்சமும் கலந்த மருந்து, கிலோ விதைக்கு 4 மில்லி. முதல் இரண்டு மூன்று வாரம் படைப்புழுவையும் குருத்து ஈயையும் தள்ளி வைக்கும். இதில் இருக்கும் தயமீத்தாக்சம் தேனீக்கு ஆகாத ரகம். இருந்தும் ஏக்கருக்கு எட்டு கிலோ விதையோடு மண்ணுக்குள் போகும் சின்ன அளவு என்பதால், இதை ஒப்புக்கொள்ளலாம் என்பது என் கணக்கு. வாங்கும் விதை ஏற்கனவே நேர்த்தி செய்ததா என்று பையைப் பாருங்கள். அப்படியென்றால் மறுபடி தடவ வேண்டாம். கையுறை போட்டுக் கையாளுங்கள். மிச்ச விதையைக் கோழிக்குப் போடக் கூடாது, மேலே சிந்திக் கிடந்தால் மண்ணைத் தள்ளி மூடிவிட வேண்டும். சாய நிறத்தில் கிடக்கும் விதையைக் குருவி பொறுக்கும்.

விதைத்த வாரமே ஏக்கருக்கு ஐந்து இனக்கவர்ச்சிப் பொறி வைத்துவிடுங்கள். படைப்புழுவுக்கான கவர்ச்சிக் குப்பி என்று கேட்டு வாங்க வேண்டும். காய்ப்புழுக் குப்பி வேறு. இதில் ஆண் அந்து மட்டும்தான் விழும், எனவே இதையே கட்டுப்பாடு என்று நம்பி உட்கார வேண்டாம். பொறியில் அந்து விழ ஆரம்பித்தால் முட்டைக் குவியலைத் தேட ஆரம்பிக்கலாம் என்று பொருள். பறவை உட்கார ஏக்கருக்குப் பத்து குச்சியும் நட்டுவிடுங்கள்.

வயலைப் பார்ப்பது

முளைத்து ஒரு வாரம் ஆனதிலிருந்து வாரம் இருமுறை. வரப்பில் நின்று பார்ப்பதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஓரச் செடிகளை விட்டுவிட்டு உள்ளே வளைந்து வளைந்து நடந்து, ஐந்து இடங்களில் இருபது இருபது செடிகளாக மொத்தம் நூறு செடிகள். இலையில் புதிதாக வெள்ளைத் திட்டோ, குருத்தில் ஓட்டையோ ஈர எச்சமோ இருக்கும் செடிகளை எண்ணினால் அதுவே சதவீதம். பழைய ஓட்டை கணக்கில் வராது. எச்சம் காய்ந்திருந்தால் புழு போய்விட்டது அல்லது செத்துவிட்டது.

சென்னையில் இருந்துகொண்டு இதைச் செய்ய ஒரு வழி: நிலத்தைப் பார்த்துக்கொள்பவரிடம், ஐந்து இடத்திலும் ஒவ்வொரு குருத்தை மேலிருந்து படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். பக்கத்தில் ஒரு தீக்குச்சியை வைத்துப் புழுவையும் ஒரு படம். தீக்குச்சி ஏறக்குறைய நான்கு சென்டிமீட்டர். புழு அதில் கால் பங்குக்குக் குறைவாக இருந்தால் ஆபத்து குறைந்த மருந்துகள் நன்றாக வேலை செய்யும் நேரம். இந்தப் படங்களுக்காக அவருக்குத் தனியாக ஏதாவது கொடுப்பது நியாயம். ஒரு பாட்டில் மருந்து விலையைவிடக் குறைவாகத்தான் ஆகும்.

போகும்போதே முட்டைக் குவியல் கண்ணில் பட்டால் இலையோடு கிள்ளி நசுக்குங்கள். ஒரு கிள்ளில் நூறு புழு.

எந்த வயதில் எதை அடிப்பது

முதல் மூன்று வாரம்: விதை நேர்த்தி செய்திருந்தால் பெரும்பாலும் மருந்தே வேண்டாம். சேதம் நூற்றில் ஐந்து செடியைத் தொட்டால் வேம்பு. கடையில் வாங்கும் 1500 பிபிஎம் அசாடிராக்டின் லிட்டருக்கு 5 மில்லி, பத்து லிட்டர் டேங்குக்கு 50 மில்லி.

வீட்டிலேயே செய்வதென்றால் ஐந்து சத வேப்பங்கொட்டைச் சாறு. சென்னைத் தெருக்களிலேயே ஆனி, ஆடியில் வேப்பம்பழம் கொட்டிக் கிடக்கும். பொறுக்கி, சதையைக் கழுவி, நிழலில் உலர்த்தி வைத்தால் ஐப்பசிக்குச் சரியாக இருக்கும். எட்டு மாதத்துக்கு மேல் பழசான கொட்டை வேண்டாம். ஓட்டை நீக்கிய பருப்பு 5 கிலோவை இடித்து, மெல்லிய துணியில் கட்டி, 10 லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊற வையுங்கள். காலையில் பிழிந்து பிழிந்து பால்போல் சாறு எடுத்து வடிகட்டி, 100 லிட்டராகப் பெருக்குங்கள். 200 கிராம் காதி சோப்பைக் கரைத்துச் சேர்த்தால் இலையில் ஒட்டும். அன்றைக்கே அடித்து முடித்துவிட வேண்டும். புறநகர் போர்வெல் தண்ணீர் பல இடங்களில் உப்பும் காரமுமாக இருக்கும். காரத் தண்ணீரில் வேம்பும் பிடியும் சிதையும். கிணற்று நீரோ மழைநீரோ கிடைத்தால் அதில் கலக்குங்கள்.

சின்னப் பரப்பு என்றால் மணல் வைத்தியமும் உண்டு. உலர் மணல் ஒன்பது பங்கு, சுண்ணாம்பு ஒரு பங்கு கலந்து, முதல் முப்பது நாளுக்குள் குருத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுவது. மணல் புழுவை உராய்ந்து கொல்லும். கால் ஏக்கருக்குச் செய்யலாம். இரண்டு ஏக்கருக்கு இடுப்பு ஒடிந்துவிடும்.

மூன்று வாரத்திலிருந்து ஐந்து வாரம் வரை: இதுதான் தீர்மானிக்கும் காலம். நூற்றில் பத்து செடிக்கு மேல் புதுச் சேதம் என்றால் வேம்போடு நிற்க வேண்டாம். அளவுகள், பத்து லிட்டர் தண்ணீருக்கு (பெயருக்குப் பின்னால் இருப்பது மருந்தின் செறிவும் வகையும், லேபிளில் பார்த்து வாங்குங்கள்):

குளோராண்ட்ரனிலிப்ரோல் 18.5 எஸ்.சி. – 4 மில்லி
ஸ்பினிடோரம் 11.7 எஸ்.சி. – 5 மில்லி
எமாமெக்டின் பென்சோயேட் 5 எஸ்.ஜி. – 4 கிராம்
நோவலூரான் 10 இ.சி. – 15 மில்லி

இவற்றில் ஒன்று மட்டும். இரண்டைக் கலந்து அடித்தால் இரட்டிப்புப் பலன் என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொண்டு வந்துவிடுங்கள். மூடியால் அளப்பதும் கூடாது; 4 மில்லிக்கும் 10 மில்லிக்கும் மூடியில் வித்தியாசம் தெரியாது. மருந்தோடு வரும் அளவுக் கோப்பை அல்லது ஊசி இல்லாத சிரிஞ்சு போதும்.

ஐந்து வாரத்துக்குப் பிறகு: செடி தாங்கிக்கொள்ளும். இலையில் ஓட்டை பயங்கரமாகத் தெரியும், விளைச்சலில் அந்த அளவு விழாது. இந்தக் கட்டத்தில் நூற்றில் இருபது செடிவரை பொறுக்கலாம். ஈரப்பதம் உள்ள பருவமானால் 40 நாள் வாக்கில் மெட்டாரைசியம் ஏக்கருக்கு ஒரு கிலோ. அதே வாரத்தில் பூஞ்சணக் கொல்லி எதுவும் அடிக்காதீர்கள். பூஞ்சையை வாங்கி அடித்துவிட்டு அதையே கொல்வது ஆகும்.

எண்ணைப் பார்த்து மாற்றுங்கள்

மருந்து மாற்றி மாற்றி அடிக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். கடையில் வேறு பெயர் பாட்டில் வாங்கினால் மாற்றியதாக நினைத்துக்கொள்கிறோம். குளோராண்ட்ரனிலிப்ரோலின் காப்புரிமை இந்தியாவில் 2022இல் முடிந்தது. இப்போது அது எத்தனையோ பெயர்களில் கிடைக்கிறது. பெயர் நான்கு, சரக்கு ஒன்று.

பூச்சிமருந்துகளுக்கு அவை புழுவின் உடலில் எங்கே தாக்குகின்றன என்பதை வைத்து உலக அளவில் பிரிவு எண்கள் உண்டு. குளோராண்ட்ரனிலிப்ரோல், சயாண்ட்ரனிலிப்ரோல், ஃபுளுபெண்டியமைடு மூன்றும் 28. ஸ்பினிடோரம் 5. எமாமெக்டின் 6. நோவலூரான் 15. பிடி 11. ஒரு நோட்டில் தேதியோடு இந்த எண்ணை எழுதுங்கள். நம் வெப்பத்தில் படைப்புழுவின் ஒரு தலைமுறை ஏறக்குறைய ஒரு மாதம். ஒரு தலைமுறைக்கு அடித்த எண்ணை அடுத்த தலைமுறைக்கு அடிக்கக் கூடாது.

இங்கேதான் பலர் கவனிக்காத ஒரு சிக்கல். விதை நேர்த்தி மருந்தில் இருக்கும் சயாண்ட்ரனிலிப்ரோல் 28ஆம் பிரிவு. முளைத்த நாளிலிருந்தே உங்கள் வயல் புழு 28ஐத் தின்றுகொண்டிருக்கிறது. முதல் தெளிப்புக்கும் குளோராண்ட்ரனிலிப்ரோல் எடுத்தால் ஒரே அடியை இரண்டு முறை அடிப்பதுதான். எனவே விதை நேர்த்தி செய்தவர்கள் முதல் தெளிப்பாக ஸ்பினிடோரமோ எமாமெக்டினோ எடுத்து, குளோராண்ட்ரனிலிப்ரோலை அடுத்த தலைமுறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். போர்ட்டோ ரிக்கோவில் இந்தப் புழு 28ஆம் பிரிவு மருந்துக்கே எதிர்ப்பு வளர்த்துக்கொண்டது பதிவாகியிருக்கிறது. பச்சை முக்கோணத்தில் நம்மிடம் இருக்கும் நல்ல மருந்தை வீணடித்துவிட்டால் திரும்பச் சிவப்புக்குத்தான் போக வேண்டிவரும்.

கலவை மருந்துகளிலும் ஜாக்கிரதை. முன்பக்கம் புதுப் பெயர் இருக்கும், பின்பக்கச் சிற்றெழுத்தில் குளோராண்ட்ரனிலிப்ரோலோடு லாம்டா சைஹாலோத்ரின் இருக்கும்.

தெளிக்கும் நாள்

மாலை நான்கு மணிக்கு மேல். புழு இருட்டில்தான் வெளியே வந்து தின்னும். தேனீ நடமாட்டமும் குறைந்திருக்கும். வேம்பும் பிடியும் வெயிலில் சிதையாமல் ஓர் இரவு முழுக்கக் கிடைக்கும். அன்றிரவு மழை வரும்போல இருந்தால் தள்ளிப்போடுங்கள். வடகிழக்குப் பருவமழையில் புயல் அறிவிப்பு வந்த வாரம் அடிக்கவே வேண்டாம். மழை விட்டதும் மறுபடி நூறு செடி எண்ணிப் பாருங்கள், பல நேரம் எண்ணிக்கை இறங்கியிருக்கும்.

நாசிலைக் குருத்துக்கு நேர் மேலே பிடித்து உள்ளே இறங்குமாறு அடிக்க வேண்டும். இலைப் பரப்பெல்லாம் நனைய அடிப்பது நெல்லுக்கான பழக்கம். ஏக்கருக்கு சுமார் 200 லிட்டர் கரைசல்.

தெளிப்பவருக்கு முழுக்கைச் சட்டை, முழுக்கால் உடை, ரப்பர் கையுறை, பூட்ஸ், கண்ணாடி, முகக்கவசம். கொரோனா காலத் துணிக் கவசம் இதற்குப் போதாது. கலக்கும்போதுதான் செறிவான மருந்து கையில் படும், எனவே கலக்குபவருக்குக் கையுறை கட்டாயம். காற்றுக்கு முதுகைக் காட்டி நடக்க வேண்டும். அடைத்த நாசிலை வாயால் ஊதக் கூடாது. பழைய பல் துலக்கும் பிரஷ் ஒன்றை டேங்கோடு கட்டி வையுங்கள். பீடி, வெற்றிலை, டீ எல்லாம் சோப்பு போட்டுக் கைகழுவிய பிறகு. இதையெல்லாம் வாங்கிக் கொடுப்பது நிலத்துக்காரர் பொறுப்பு. கூலிக்கு வருபவர் கேட்க மாட்டார்.

காலி பாட்டிலை மூன்று முறை கழுவி, கழுவிய நீரை டேங்கிலேயே ஊற்றி அடித்துவிடுங்கள். பாட்டிலில் ஓட்டை போட்டு வையுங்கள், யாரும் எண்ணெய் வாங்க எடுத்துப் போகாதபடி. டேங்கை ஏரியிலோ வாய்க்காலிலோ அலசவே கூடாது.

தலைவலி, வாந்தி, மங்கலான பார்வை, அதிக வியர்வை என்று தெளித்தவர் சொன்னால் உடனே உடையைக் கழற்றி சோப்பால் உடம்பைக் கழுவி, 108ஐ அழையுங்கள். மருந்து பாட்டிலையோ அதன் லேபிள் படத்தையோ மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும். எய்ம்ஸ் நச்சுத் தகவல் மையத்தின் கட்டணமில்லா எண் 1800 116 117.

பூ வந்த பிறகு

ஆண்பூக் கொண்டை வெளியே வந்துவிட்டால் ரசாயனத் தெளிப்பை நிறுத்திவிடலாம். கதிருக்குள் போன புழுவை மருந்து தொடாது, செலவும் திரும்பாது, காலையில் மகரந்தம் எடுக்க தேனீக்கள் கொண்டையை மொய்க்கும். கதிர் நுனியில் தொங்கும் பட்டு நூலில் முட்டையோ குட்டிப் புழுவோ தெரிந்தால் கையால் எடுப்பது. அதிகமென்றால் மெட்டாரைசியமோ வேம்போ, மாலையில்.

ஸ்வீட் கார்ன், பேபி கார்ன் போடுபவர்களுக்கு இது இன்னும் கறாரான விதி. பட்டு நூல் வந்து ஓரிரு நாளில் பேபி கார்னைப் பறித்துவிடுவோம். ஸ்வீட் கார்ன் மூன்று வாரத்தில். மருந்து அடித்த நாளுக்கும் அறுவடைக்கும் இடையே விட வேண்டிய நாட்கள் லேபிளில் இருக்கும். அதைப் பிறகு பார்த்துப் பயனில்லை, அடிப்பதற்கு முன்பே எண்ணிப் பாருங்கள். பச்சைத் தட்டையை மாட்டுக்கு வெட்டுபவர்களுக்கும் அதே கணக்கு.

மற்ற பூச்சிகள், சுருக்கமாக

குருத்து ஈ தாக்கினால் இளஞ்செடியின் நடுக்குருத்து காய்ந்து, இழுத்தால் கையோடு வரும். தைப் பட்டத்தில் கூடுதல். விதை நேர்த்திதான் மருந்து. வந்த பிறகு செய்ய அதிகமில்லை. தண்டுத் துளைப்பான் இலையில் நேர்வரிசையில் சின்ன ஓட்டைகள் போட்டுத் தண்டுக்குள் போகும். டிரைக்கோகிரம்மா முட்டை ஒட்டுண்ணி அட்டைகள் இதற்கு நன்றாக உதவும். அட்டை கட்டிய வாரம் ஸ்பினிடோரம் அடிக்காதீர்கள். அசுவினி கொண்டையில் கறுப்பாக அப்பிக் கிடந்தால் பதற வேண்டாம். கூடவே பொறிவண்டு இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் விட்டுவிடுங்கள்.

கடையும் ஆலோசனையும்

உரிமம் உள்ள கடை, பில், காலாவதித் தேதி, பதிவு எண். 'பயோ' என்று எழுதியிருந்து, உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாத பாட்டிலைத் தொடாதீர்கள். உயிரி மருந்து ஒன்று அடித்த ஒரு மணி நேரத்தில் எல்லாப் புழுவும் சுருண்டு விழுகிறது என்றால் அதில் உயிரி அல்லாத ஏதோ கலந்திருக்கிறது.

சந்தேகத்துக்கு செங்கல்பட்டுப் பக்கம் காட்டுப்பாக்கம், திருவள்ளூரில் திரூர் ஆகிய இரண்டு இடங்களிலும் வேளாண் அறிவியல் நிலையங்கள் இருக்கின்றன. புழுவை ஒரு டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு போனால் பேச்சு சீக்கிரம் முடியும். கிசான் கால் சென்டர் 1800 180 1551, தமிழிலேயே பேசலாம். வட்டார வேளாண் விரிவாக்க மையத்தில் உயிரி மருந்துகள் இருப்பு இருக்கிறதா என்று விதைக்கும் முன்பே கேட்டு வையுங்கள். புழு வந்த பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் போய் நிற்பார்கள்.

அறுவடை முடிந்ததும் தட்டையை வயலில் நிற்க விடாமல் வெட்டித் தீவனமாக்குங்கள் அல்லது பொடித்து உழுதுவிடுங்கள். தானாக முளைக்கும் மக்காச்சோளச் செடிகளையும் பிடுங்குங்கள், புழு அடுத்த பட்டம் வரை அதில்தான் காத்திருக்கும். அதே வயலில் உடனே மறுபடி மக்காச்சோளம் வேண்டாம். ஒரு உளுந்தோ எள்ளோ போட்டு எடுத்த பிறகு பார்க்கலாம்.